போர்க்களத்தருகே ஒரு பொழுதுபோக்கு

1861 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனிலிருந்து குதிரை வண்டிகள் வரிசையாகப் புறப்பட்டன. காங்கிரஸ் அங்கத்தினர்கள், பத்திரிகை நிருபர்கள், சீமாட்டிகள் எல்லோரும் அவற்றில் இருந்தார்கள். கூடைகளில் சிற்றுண்டி இருந்தது. எங்கே பிரயாணம் என்கிறீர்களா? யுத்தம் பார்க்க!

வர்ஜீனியா மாகாணத்தில் மனாஸஸ் என்ற ஊருக்கருகே, புல் ரன் என்னும் ஓடைக்கரையில், உள்நாட்டுப் போரின் முதல் பெரும் சண்டை அன்று நடந்தது. மாலைக்குள் வட மாகாணங்களின் படை முறிந்து ஓடிற்று. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கூடவே ஓடினார்கள். ஆல்ஃபிரட் ஈலி என்ற காங்கிரஸ் அங்கத்தினர் தென்னவர் கையில் சிக்கிச் சில மாதம் சிறையில் கிடந்தார். களத்தில் மாண்டவர்கள் 800-க்கு மேல். மறு ஆண்டு அதே இடத்தில் மீண்டும் போர் மூண்டது. இரண்டாம் முறை செத்தவர்கள் இன்னும் அதிகம்.

132 வருஷங்கள் சென்றன. 1993 நவம்பரில், அந்தக் களத்துக்குச் சில மைல் தூரத்தில், ஹேமார்க்கெட் என்ற சிற்றூரின் பக்கத்தில், வால்ட் டிஸ்னி கம்பெனி ஒரு பிரம்மாண்டமான கேளிக்கைப் பூங்கா அமைக்கப்போவதாக அறிவித்தது. 'டிஸ்னியின் அமெரிக்கா' என்று பெயர். சுமார் 3,000 ஏக்கர் நிலம்; 65 கோடி டாலர் செலவு; 1998-இல் திறப்பு விழா. பூங்காவைச் சுற்றி ஹோட்டல்கள், வீடுகள், கோல்ஃப் மைதானம்.

பூங்காவுக்குள் என்ன? அமெரிக்காவின் சரித்திரமேதான்! பழங்குடிகளின் கிராமம், உள்நாட்டுப் போர்க் கோட்டை, குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவுக் கட்டடத்தின் மாதிரி, ஆலைத் தொழில் நகரம். அந்த ஆலை நகரில் உலைகளினூடே பாய்ந்து செல்லும் ரோலர் கோஸ்டர் வேறு. இவை போதாதென்று, அடிமையாக வாழ்வது எப்படியிருக்கும் என்பதையும் வருகிறவர்களுக்கு உணர்த்தப்போவதாகக் கம்பெனி அதிகாரி ஒருவர் சொல்லிவைத்தார். வினை அங்கேதான் முளைத்தது.

மாகாண கவர்னர் ஜார்ஜ் ஆலன் திட்டத்தை வரவேற்றார். வேலை கிடைக்கும் என்று உள்ளூரில் பலர் மகிழ்ந்தார்கள். சாலை முதலியவற்றுக்காக 16 கோடி டாலருக்கு மேல் உதவ 1994-இல் சட்டசபை இசைந்தது. எதிர்த்தவர்களில் குதிரைப் பண்ணை வைத்திருந்த செல்வர்கள் உண்டு. தங்கள் பசும்புல் வெளியில் நெரிசல் கூடாது என்பது அவர்கள் கவலை. ஆனால் டேவிட் மக்கல்லோ, ஜேம்ஸ் மக்பெர்ஸன் போன்ற சரித்திர ஆசிரியர்களும் திரண்டு வந்தார்கள். 'உண்மையான களம் பக்கத்திலேயே இருக்க, பொம்மைக் களம் எதற்கு?' என்பது அவர்கள் வாதம்.

எதிர்த்து எழுதியவர்களில் வில்லியம் ஸ்டைரன் என்ற நாவலாசிரியரும் ஒருவர். அவர்மீதுதான் என் கண் நிற்கிறது. அடிமைகளின் கலகத் தலைவன் நாட் டர்னரைப் பற்றி 1967-இல் நாவல் எழுதி, 'அடிமையின் நெஞ்சம் வெள்ளையனுக்கு எப்படித் தெரியும்?' என்று கறுப்பின எழுத்தாளர்களிடம் கடும் கண்டனம் பெற்றவர் அவர். அவரே டிஸ்னியை எதிர்க்கலாமா? கதை விற்பதும் துன்பத்தைக் காசாக்குவதுதானே? கதை எழுதிப் பிழைக்கும் எவரும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

எனக்குத் தோன்றுவது இது. நாவலைப் படிப்பவன் துன்பத்தோடு தனித்திருக்கிறான். நெஞ்சு கனத்தால் புத்தகத்தை மூடிவைத்து, இரவெல்லாம் விழித்துக் கிடக்கலாம். பூங்காவிலோ பின்னால் நிற்கும் கூட்டம் காத்திருக்கிறது. கால் மணி நேரம் அடிமையாக இருந்துவிட்டு, அடுத்த கால் மணியில் ரோலர் கோஸ்டரில் ஏறிச் சிரிக்க வேண்டும். கண்ணீர் உலர அங்கே அவகாசம் கிடையாது.

1994 செப்டம்பர் 28-ஆம் தேதி கம்பெனி அந்த இடத்தைக் கைவிட்டது. எதிர்ப்பு ஒரு காரணம். 1992-இல் பாரிஸுக்கருகே திறந்த பூங்காவில் ஏற்பட்ட பெரு நஷ்டமும் மனத்தை வாட்டியிருக்கும். பிற்பாடு அந்த நிலத்தில் வீடுகளும் கோல்ஃப் மைதானமும் வந்தேவிட்டன. ஆகவே, பசும்புல்லுக்காகப் போராடியவர்களின் வெற்றி அரை வெற்றிதான். சரித்திர ஆசிரியர்கள் அப்படித் தோற்கவில்லை. புல் ரன் ஓடைக்கரையில் பழைய களம் தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டிருக்கிறது. அங்கே ரோலர் கோஸ்டர் ஓசை கேட்காது. செத்தவர்களை நினைத்து ஒருவன் சற்று நேரம் சும்மா நிற்கலாம்.