ஓய்வூதியமும் கிரிவலமும்: திருவண்ணாமலையின் இன்னொரு வரலாறு

திருவண்ணாமலை என்றதும் கார்த்திகை தீபமும் பௌர்ணமிக் கூட்டமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பௌர்ணமி இல்லாத ஒரு சாதாரண நாளில் விடியற்காலை நாலரை மணிக்குச் செங்கம் சாலையில் நின்று பாருங்கள். கையில் தண்ணீர் பாட்டில், தோளில் துண்டு, காலில் செருப்பு இல்லை. அறுபதைத் தாண்டியவர்கள் தனியாகவும் ஜோடியாகவும் மலையைச் சுற்றிப் போய்க்கொண்டிருப்பார்கள். எங்கெங்கோ வேலை பார்த்து ஓய்வு பெற்று, மலையைப் பார்த்தபடி ஒரு வீடு எடுத்துத் தங்கிவிட்டவர்கள் இவர்களில் பலர். இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் பாதையைப் பற்றி. கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம் ஆகும். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். மலை எப்போதும் வலது கைப்பக்கம் இருக்கும். சாலையின் இடது ஓரமாகவே நடக்க வேண்டும், மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் நடக்கும் வழி என்பது நம்பிக்கை. நிறைமாதக் கர்ப்பிணியான ஒரு ராணி நடப்பதுபோல் மெதுவாக நடக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். அதாவது இது வேகத்துக்கான நடை இல்லை. வயதானவர்களுக்கு இது பொருந்திப் போனதில் ஆச்சரியமும் இல்லை.

நம் மரபில் வானப்பிரஸ்தம் என்று ஒன்று உண்டு. குடும்பக் கடமை முடிந்தபின் காட்டுக்குப் போய் எளிமையாக வாழ்வது. ஓய்வூதியம் என்ற ஒன்று இல்லாத காலத்து ஏற்பாடு அது. ஆங்கிலேயர் ஆட்சியில் அரசு உத்தியோகமும் பென்ஷனும் வந்தபின், காட்டுக்குப் போகாமலே வானப்பிரஸ்தம் இருக்க வழி பிறந்தது. அதற்கு ஒரு ஊர் தேவைப்பட்டது. திருவண்ணாமலை அப்படி ஒரு ஊரானது.

வேடிக்கை என்னவென்றால், ஓய்வு பெற்றவர்கள் தேடி வரும் ஊராக இதை மாற்றியவர் வேலைக்கே போகாத ஒரு 16 வயதுப் பையன். மதுரையிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பிய வேங்கடராமன் 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து சேர்ந்தார். பின்னாளில் ரமண மகரிஷி ஆனார். விரூபாட்ச குகையிலும் பிறகு கந்தாசிரமத்திலுமாக மலைமேல் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1922ல் தாயார் அழகம்மாள் மறைந்தபின் மலையடிவாரத்தில் ரமணாசிரமம் உருவானது. 1926 வாக்கில் நிறுத்தும்வரை அவரும் அன்பர்களோடு கிரிவலம் போய்வந்தார். வழியில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, இரண்டு மூன்று நாள்கூட எடுத்துக்கொண்டு நடப்பார்கள். கிரிவலத்தை நிறுத்திய பிறகும் மலைப்பக்கம் தினசரி நடப்பதை அவர் விடவில்லை. மூட்டு வலி வந்து கையில் தடி ஏறிய பிறகும் அந்த நடை தொடர்ந்தது.

அவரைத் தேடி வந்தவர்களில் மேஜர் சாட்விக் முக்கியமானவர். பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். பால் பிரண்டன் எழுதிய நூலைப் படித்துவிட்டு 1935 நவம்பர் 1 அன்று இங்கே வந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்துதான். ஆசிரமத்திலேயே ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு, 1962ல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். ‘சாது அருணாசலா’ என்று பெயர் பெற்ற அவர் மலையைச் சுற்றி நடப்பதை விரும்பிச் செய்தவர். சித்தூரில் வக்கீலாக இருந்த தேவராஜ முதலியார் இன்னொருவர். தொழிலை விட்டுவிட்டு ஆசிரமத்தில் தங்கிய அவர் 1945 மார்ச்சிலிருந்து எழுதிய நாட்குறிப்பு இன்றைக்கு ஒரு முக்கியமான வரலாற்று ஆவணம். 1950 ஏப்ரல் 14ல் ரமணர் மறைந்தார். ஆனாலும் வருபவர்கள் நிற்கவில்லை. ஆசிரமத்தைச் சுற்றி ரமண நகர் வளர்ந்தது.

அமெரிக்காவிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. வறண்ட அரிசோனா மாநிலத்தில் 1960 ஜனவரி 1 அன்று சன் சிட்டி என்ற ஊர் திறக்கப்பட்டது. முழுக்க ஓய்வு பெற்றவர்களுக்காகவே கட்டப்பட்டது. அந்த மாநிலத்திலும் வெயிலுக்கு முன்பே கிளம்பிப் பாறைமலைகளில் நடந்துவிட்டுத் திரும்பும் முதியவர்கள் உண்டு. ஆனால் அது ஒரு கட்டுமான நிறுவனம் திட்டம் போட்டு உருவாக்கிய ஊர். திருவண்ணாமலையை யாரும் திட்டம் போட்டு அப்படி ஆக்கவில்லை. நடந்தவர்கள்தான் ஆக்கினார்கள்.

இப்போது கவலைக்கு வருவோம். 1980களில் இந்த மலை பெரும்பாலும் மொட்டையாக இருந்தது. அப்புறம் தன்னார்வலர்கள் மரம் நட்டு, கோடைத் தீயோடு போராடிப் பசுமையை மீட்டார்கள். காட்டை ஒட்டிப் போகும் உள்பாதையை வனத்துறை பொதுமக்களுக்கு மூடியது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். அந்த ஆண்டு தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் எத்தனை பேரை இந்தச் சரிவுகள் தாங்கும் என்ற கேள்வியை அந்த ஒரு நாள் எழுப்பிவிட்டது. வெளியூரிலிருந்து பணத்தோடு வருபவர் பாதுகாப்பான தெருவில் வீடு பார்க்கலாம். உள்ளூர் ஏழைக்குக் கிடைப்பது சரிவுதான்.

ரமணர் குகையில் இருந்தபோது மலை அவரிடம் எதையும் கேட்கவில்லை, அவரும் மலையிடம் அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை. வானப்பிரஸ்தம் என்றால் குறைவாக எடுத்துக்கொண்டு வாழ்வது என்றுதான் நம் முன்னோர் சொன்னார்கள். மலைக்கு எதிரே வீட்டு மனை வாங்குவதைவிட, ஒரு சிறு அறையில் தங்கி, விடிவதற்குள் எழுந்து, வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் நடந்து வருவதுதான் அந்தப் பழைய அர்த்தத்துக்கு நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது.