மாதிரி இரயில்வேயின் வரலாறு

மாதிரி இரயில்வே என்பது உண்மையான இரயில் பாதை, நிலையம், இன்ஜின், பெட்டி, கைகாட்டி ஆகியவற்றை ஒரே விகிதத்தில் சிறிதாக்கி, ஓடும் நிலையில் அமைக்கும் பொழுதுபோக்குக் கலையாகும். பொம்மை இரயிலிலிருந்து இது இரண்டு வகையில் வேறுபடுகிறது. முதலாவதாக, இதில் உள்ள மரம், மனிதன், நடைமேடை உட்பட எல்லாப் பொருள்களும் ஒரே அளவு விகிதத்திற்கு உட்பட்டவை. இரண்டாவதாக, இதில் வண்டிகள் கால அட்டவணைப்படி ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்திற்கு இயக்கப்படுகின்றன. தச்சு, மின்கம்பி இணைப்பு, வண்ணப் பூச்சு, கணக்கு, வரலாறு எனப் பல திறன்கள் தேவைப்படுவதால் பலர் கூடிச் செய்யும் வேலையாகவே இது வளர்ந்தது.

பொம்மையிலிருந்து மாதிரிக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தகரம், பித்தளை ஆகியவற்றால் செய்த பொம்மை இரயில்கள் விற்பனையில் இருந்தன. ஒருவர் செய்த பெட்டி மற்றொருவர் செய்த தண்டவாளத்தில் ஓடாது என்பதே அன்றைய குறை. ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரைச் சேர்ந்த மார்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் நிலையான அகலங்கள் கொண்ட தண்டவாளத் தொகுதியைக் காட்சிக்கு வைத்தது. சாவி கொடுத்தால் ஓடும் அந்த இரயிலுக்கு, அடுத்த ஆண்டு வாங்கும் தண்டவாளத்தையும் பெட்டியையும் சேர்த்துக்கொள்ள முடிந்தது. வீட்டில் உள்ள பாதையைச் சிறிது சிறிதாக நீட்டலாம் என்ற எண்ணம் இதிலிருந்தே தொடங்கியது.

இங்கிலாந்தின் லிவர்பூலில் மெக்கானோ கட்டுமான விளையாட்டை உருவாக்கிய பிராங்க் ஹார்ன்பி, 1920-இல் தம் பெயரில் இரயில்களை வெளியிட்டார். அவை அளவில் பெரியவை. அவற்றை ஓட்டத் தனி அறையே வேண்டியிருந்தது. சிறிய மின்மோட்டார்கள் வந்தபின், 1930களில் மேசைமேல் அமைக்கக்கூடிய இரயில்கள் பரவின. மார்க்லின் 1935-இலும் ஹார்ன்பி 1938-இலும் இத்தகைய சிறிய வகையை வெளியிட்டன.

அளவுகள்

இன்று உலகில் மிகுதியாகப் பயன்படும் அளவு எச்.ஓ. ஆகும். இதன் விகிதம் 1:87. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. ‘ஓ’ என்னும் பழைய அளவில் பாதி என்பதே இப்பெயரின் பொருள். பிரிட்டனில் மட்டும் இதே தண்டவாளத்தின்மேல் 1:76 விகிதத்தில் வண்டிகள் ஓடுகின்றன. பிரிட்டிஷ் இன்ஜின்கள் சிறியவை என்பதால் 1:87-இல் அவற்றுக்குள் அக்காலத்து மோட்டார் அடங்கவில்லை. எனவே தண்டவாளத்தை மாற்றாமல் வண்டியை மட்டும் சற்றுப் பெரிதாக்கினர். இடம் குறைந்தவர்களுக்காக 1:160 விகிதமும் 9 மி.மீ. அகலமும் கொண்ட ‘என்’ அளவு 1960களிலும், 1:220 விகிதமும் 6.5 மி.மீ. அகலமும் கொண்ட ‘இசட்’ அளவு 1972-இலும் வந்தன.

அளவு சிறியதானாலும் இடத் தேவை குறைவதில்லை. சென்னை பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்யப்பட்ட பயணிகள் பெட்டியின் நீளம் ஏறத்தாழ 21.3 மீட்டர். எச்.ஓ. அளவில் அது 24.5 செ.மீ. ஆகும். 20 பெட்டிகள் கொண்ட விரைவு வண்டிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் நீள நடைமேடை வேண்டும். ஒரு கிலோமீட்டர் பாதை 11.5 மீட்டராகும். வீட்டில் ஓர் அறை வைத்திருப்பவர் பாதையையும் வண்டியையும் சுருக்கித்தான் அமைக்க முடியும். முழு நீளத்தில் அமைக்க விரும்பியவர்கள் கூடியே ஆக வேண்டியிருந்தது.

கழகங்களின் தோற்றம்

இலண்டனில் 1910-இல் மாதிரி இரயில்வே கழகம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1935-இல் தேசிய மாதிரி இரயில்வே சங்கம் அமைந்தது. இச்சங்கத்தின் முதன்மைப் பணி தரம் வகுப்பது. சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, சக்கர விளிம்பு எவ்வளவு ஆழம், பாயிண்ட் எனப்படும் பாதை பிரியும் இடத்தில் எவ்வளவு சந்து என்பவற்றை அது எண்களால் வரையறுத்தது. ஓர் ஊரில் ஒருவர் செய்த வண்டி வேறோர் ஊரில் மற்றவர் போட்ட பாதையில் தடம்புரளாமல் ஓடியது இதன் பயன்.

1970களில் கலிபோர்னியாவில் தோன்றிய என்-டிராக் முறை இதன் அடுத்த படி. ஒவ்வோர் உறுப்பினரும் 4 அடி நீளப் பலகை ஒன்றைத் தம் வீட்டில் செய்வார். பலகையின் மேல் வயல், ஊர், மலை எது வேண்டுமானாலும் இருக்கலாம். இரு முனைகளிலும் தண்டவாளங்கள் முடியும் இடமும் மின்இணைப்பும் மட்டும் விதிப்படி இருக்க வேண்டும். கண்காட்சி நாளில் எல்லாப் பலகைகளையும் இணைத்தால் அது நீண்ட இரயில் பாதையாகிவிடும்.

மேசைக்கு அடியில் பிறந்த கணினிப் பண்பாடு

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன மாணவர்கள் 1946-இல் தொடங்கிய மாதிரி இரயில்வே கழகத்திற்குக் கணினி வரலாற்றிலும் இடமுண்டு. அதன் உறுப்பினர்கள் இரு பிரிவினர். ஒரு பிரிவினர் வண்டிகளுக்கு வண்ணம் தீட்டி ஊர்களையும் மலைகளையும் உருவாக்கினர். மற்றொரு பிரிவினர் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு கைகாட்டிகளுக்கும் பாயிண்ட்களுக்குமான மின்இணைப்புகளைச் செய்தனர். தொலைபேசி நிலையங்களில் பயன்படும் ரிலேக்களைக் கொண்டு, பல வண்டிகளைப் பலர் ஒரே நேரத்தில் ஓட்டும் கட்டுப்பாட்டு அமைப்பை அவர்கள் உருவாக்கினர்.

சாமர்த்தியமான மின்இணைப்பு வேலையை அவர்கள் ‘ஹேக்’ என்று அழைத்தனர். உறுப்பினரான பீட்டர் சாம்சன் 1959-இல் தொகுத்த கழகச் சொல்லகராதியில் இச்சொல் இடம்பெற்றது. பின்னர் இவர்களில் பலர் அந்நிறுவனத்தின் கணினிகளின் பக்கம் திரும்பினர். அங்கு 1961-இல் வந்த பி.டி.பி.-1 கணினியில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 1962-இல் ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டை உருவாக்கினர். அதை விளையாடுவதற்கான கைப்பெட்டிகள் இரயில்வே கழகத்தின் உதிரிப் பொருள்களிலிருந்து செய்யப்பட்டன.

இந்தியாவில்

இந்தியாவில் முதல் பயணிகள் இரயில் 1853-இல் பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையே ஓடியது. தென்னிந்தியாவில் 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை பாதை திறக்கப்பட்டது. இவ்வளவு பழைய இரயில்வே இருந்தும் மாதிரி இரயில்வே இங்கு மெதுவாகவே வளர்ந்தது. விடுதலைக்குப் பின் பல பத்தாண்டுகள் நுகர்பொருள் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது ஒரு காரணம். அளவுக் கட்டுப்பாடுகள் முழுமையாக விலக்கப்பட்டது 2001-இல்தான். அதுவரை வெளிநாடு சென்றவர் வாங்கி வந்த ஒரு பெட்டி இரயிலே பலருக்குத் தொடக்கமாக இருந்தது.

இந்தியாவில் பொதுமக்கள் பார்க்கக்கூடிய பெரிய எடுத்துக்காட்டு புனே நகரின் கோத்ரூட் பகுதியில் உள்ள ஜோஷி சிற்றுரு இரயில் அருங்காட்சியகம். பி. எஸ். ஜோஷி என்பவரின் தனிப்பட்ட பொழுதுபோக்காகத் தொடங்கிய இவ்வமைப்பு, முதலில் அரங்குகளில் தற்காலிகமாக வைத்துக் காட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் பிரித்து, சுமந்து சென்று, மீண்டும் இணைப்பது கடினமாக இருந்ததால் நிலையான கட்டடத்தில் அமைக்கப்பட்டு, 1998 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டது. நீராவி, டீசல், மின்சார வண்டிகளோடு ஒரு முழு நகரமும் அங்கு 1:87 அளவில் உள்ளது. புதுதில்லியில் 1977-இல் திறக்கப்பட்ட தேசிய இரயில் அருங்காட்சியகமும், சென்னை பெரம்பூரில் 2002-இல் திறக்கப்பட்ட வட்டார இரயில் அருங்காட்சியகமும் இத்துறையில் ஆர்வமுள்ளோர் காண வேண்டியவை.

அகலப்பாதைச் சிக்கல்

இந்திய இரயில்வேயை மாதிரியாக்குவதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம், 1,435 மி.மீ. அகலமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்குரியது. இந்திய அகலப்பாதை 1,676 மி.மீ. ஆகும். 1:87 விகிதத்தில் அது 19 மி.மீ.-க்குச் சற்று மேல் வர வேண்டும். கடைத் தண்டவாளத்தில் ஓட்டினால் இந்திய வண்டி, மெலிந்த கால்களில் நிற்கும் பருத்த உடல்போலத் தோன்றும். சரியான அகலம் வேண்டுமென்றால் தண்டவாளம், பாயிண்ட், சக்கர அச்சு அனைத்தையும் கையால் செய்ய வேண்டும்.

மீட்டர்கேஜ் பாதைக்கு இச்சிக்கல் குறைவு. 1,000 மி.மீ. பாதை 1:87-இல் 11.5 மி.மீ. ஆகிறது. சுவிட்சர்லாந்தின் மீட்டர்கேஜ் மலைப்பாதைகளுக்காக விற்கப்படும் 12 மி.மீ. தண்டவாளம் இதற்குப் பெரும்பாலும் பொருந்தும். தமிழ்நாட்டின் இரயில் வரலாற்றில் பெரும்பகுதி மீட்டர்கேஜ் வரலாறே என்பதால் இது நம் வட்டாரத்திற்கு வாய்ப்பான செய்தியாகும்.

அரியலூர் வழித்தடம்: ஓர் எடுத்துக்காட்டு

ஒரு குழு மாதிரி இரயில்வே தொடங்கும்போது முதலில் முடிவு செய்வது இடமும் காலமும். விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர், திருச்சி வழியாகச் செல்லும் கார்டு லைன் பாதையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தென்னிந்திய இரயில்வே இதை 1920களின் இறுதியில் மீட்டர்கேஜ் பாதையாக அமைத்தது. 1990களின் இறுதியில் இது அகலப்பாதையாக மாற்றப்பட்டது. இன்று மின்மயமான இரட்டைப் பாதையாக உள்ளது.

காலத்தை 1975 என்று வைத்தால், சென்னையிலிருந்து மின்சார இன்ஜினுடன் வரும் வண்டி விழுப்புரத்தில் இன்ஜின் மாற்ற வேண்டும். அங்கிருந்து ஒய்.பி. வகை நீராவி இன்ஜினோ ஒய்.டி.எம்.4 வகை டீசல் இன்ஜினோ இழுக்கும். காலத்தை 2005 என்று வைத்தால் பாதையே வேறு. சரக்குப் போக்குவரத்துக்கும் இங்குக் குறைவில்லை. சுண்ணாம்புக்கல் நிறைந்த இப்பகுதியில் டால்மியாபுரம் முதல் அரியலூர், ஆலத்தியூர் வரை சிமெண்ட் ஆலைகள் உள்ளன. ஆலைக்கு நிலக்கரி வருவதும் சிமெண்ட் வெளியே செல்வதும் மாதிரிப் பாதையில் சரக்கு வண்டிகளுக்கு உண்மையான காரணத்தைத் தருகின்றன.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளைக் காப்பது டோக்கன் முறை. அடுத்த நிலையத்தின் ஒப்புதலுடன் கருவியிலிருந்து எடுக்கப்படும் உலோகப் பந்தே டோக்கன். அது கையில் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது; ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன் மட்டுமே வெளிவரும். மாதிரிக் கழகங்களிலும் இதே விதி பின்பற்றப்படுகிறது. ஒருவர் நிலைய அலுவலர், ஒருவர் ஓட்டுநர், ஒருவர் கட்டுப்பாட்டாளர். பத்து நிமிடத்தை ஒரு மணி நேரமாகக் காட்டும் விரைவுக் கடிகாரத்தின்படி அனைவரும் இயங்குவர். ஒருவர் கவனம் தவறினால் எல்லா வண்டிகளும் நின்றுவிடும்.

பாலங்களையும் அலட்சியமாக அமைக்க முடியாது. 1956 நவம்பர் 23 அன்று, வெள்ளத்தால் மருதையாற்றுப் பாலப் பகுதி சேதமடைந்திருந்த நிலையில் தூத்துக்குடி விரைவு வண்டி அரியலூர் அருகே கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். மாதிரியில் கவிழ்ந்த பெட்டியைக் கையால் எடுத்து நிறுத்திவிடலாம். உண்மைப் பாதையில் ஒவ்வொரு விதிக்குப் பின்னும் இத்தகைய விலை உள்ளது என்பதை, அந்த விதிகளைக் கடைப்பிடித்து ஓட்டிப் பார்ப்பவர் எளிதில் உணர்வார்.

அமைக்கும் முறை

மரச்சட்டத்தின்மேல் ஒட்டுப்பலகை, அதன்மேல் ஓசையைக் குறைக்கும் கார்க் தாள், அதன்மேல் தண்டவாளம் என்பது பொதுவான வரிசை. மேடு பள்ளங்களுக்குத் தெர்மகோலை வெட்டி, தாள்கூழ் பூசுவர். உள்ளூர்ச் செம்மண்ணைச் சலித்துப் பயன்படுத்தலாம். அதற்கு முன் காந்தத்தை மண்ணில் ஓட்டி இரும்புத் துகள்களை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை மோட்டாருக்குள் ஒட்டிக்கொள்ளும். தொடக்கத்தில் பாதையைத் தனித்தனி மின்பகுதிகளாகப் பிரித்து, 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தால் வண்டிகளை இயக்கினர். 1990களில் தரப்படுத்தப்பட்ட எண்முறைக் கட்டுப்பாட்டில், ஒவ்வோர் இன்ஜினுக்கும் தனி எண் இருப்பதால் ஒரே பாதையில் பல வண்டிகளைத் தனித்தனியே இயக்கலாம்.

ஆவணமாக மாதிரி

மீட்டர்கேஜ் தண்டவாளங்கள் அகற்றப்பட்டபோது நீர்த்தொட்டி, கைகாட்டி, டோக்கன் கருவி, பழைய சரக்குக் கொட்டகை ஆகியவை பல நிலையங்களில் மறைந்தன. அவை எங்கே இருந்தன, எவ்வாறு இயங்கின என்பதை அறிந்தவர்கள் அங்குப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். ஒரு நிலையத்தை மாதிரியாக்க விரும்பும் குழு அவர்களிடம் கேட்க வேண்டும். வரைபடம், புகைப்படம், பழைய கால அட்டவணை ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். அம்மாதிரி என்றேனும் கட்டி முடிக்கப்படாமல் போனாலும், திரட்டிய செய்திகள் அவ்வூரின் வரலாற்றில் எஞ்சும்.