வேகமும் செய்கையும்: நீண்ட கணக்குகளின் கதை



நமது ஊர்ப் பிள்ளைகள் சிலர் பழைய கணினியை வாங்கி, அதன் வேகத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். ஓவர்குளொக்கிங் என்பார்கள். புரொசஸர் ஒரு துடிப்புக்கு ஒரு படியாக வேலை செய்கிறது. துடிப்பை நெருக்கினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு படி ஒழுங்காக முடியுமுன் அடுத்த துடிப்பு வந்துவிட்டால், 0 வர வேண்டிய இடத்தில் 1 பதிவாகும். கணினி நின்றுபோனால் பிழை தெரிந்துவிடும். நிற்காமல் மூன்று நாள் ஓடிப் பிழையான விடையைத் தந்தால்தான் ஆபத்து.

இந்தச் சிக்கல் கணினிக்கு முன்பே இருந்தது.

1825இல் பாண்டிச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், ஜோன் வாரன் என்பவருக்கு அவ்வாண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை. தரையில் சோழிகள், வாய்பாடுகள் எல்லாம் மனப்பாடம். கிரகணம் தொடங்கும் நேரம் 4 நிமிடம்தான் பிசகியது. நடுப்பகுதி 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. மனக்கணக்காக இது பெரிய சாதனை. ஆனால் சோழியை நகர்த்தியதும் முந்திய படி அழிந்துவிடும். எந்த இடத்தில் பிசகியது என்று திரும்பிப் பார்க்க வழியில்லை.

அதற்கு 400 வருடங்களுக்கு முன், உலுக் பேக்கின் சமர்கந்தில் இருந்த ஜம்ஷீத் அல்காஷி வேறு வழியில் போனார். 1424இல் அவர் பையின் பெறுமானத்தை 16 தசம தானங்களுக்குக் கண்டார். 805,306,368 பக்கங்கள் கொண்ட பல்கோணியை எடுத்துக்கொண்டு, வர்க்கமூலத்தின் மேல் வர்க்கமூலமாகக் கணித்தார். தொடங்குமுன்பே எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று தீர்மானித்தார்: பூமியின் விட்டத்தைப் போல் 600,000 மடங்கு விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவில் ஒரு குதிரை மயிரின் அகலம்கூடப் பிசகக்கூடாது. ஒவ்வொரு படியையும் அட்டவணையில் எழுதினார்.

எழுதி வைத்தாலும் போதாது என்பதற்கு இங்கிலாந்தின் வில்லியம் ஷாங்ஸ் உதாரணம். 1873இல் பையின் 707 தசம தானங்களை வெளியிட்டார். 528ஆம் தானத்திலிருந்து எல்லாம் பிழை. 70 வருடங்களுக்குப் பின், 1940களில் பெர்கஸன் என்பவர் வேறொரு சூத்திரத்தால் கணித்தபோதுதான் அது பிடிபட்டது.

1996இல் ஜோர்ஜ் வொல்ட்மன் பெரிய முதன்மை எண்களைத் தேட ஆரம்பித்தபோது இந்தப் பாடத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். கணக்குகள் சாதாரண மக்களின் கணினிகளில் நாட்கணக்காக ஓடின. ஒரு கணினியின் விடையை மட்டும் நம்பவில்லை. இன்னொரு கணினியும் அதையே செய்து, இரண்டின் மீதியும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொண்டார்கள். அவருடைய பிரைம்95 மென்பொருள், விடை தெரிந்த கணக்குகளைக் கணினியிடம் கொடுத்துச் சோதிக்கும். இன்று ஓவர்குளொக் செய்பவர்கள் தம் கணினியைப் பரீட்சிக்க அதையே ஓடவிடுகிறார்கள்.

ஆகவே பிள்ளைகளே, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நமது கரையோரத்துப் பகல் வெக்கையிலும் சில மணிநேரம் சோதியுங்கள். நீண்ட கணக்கானால் இடையிடையே சேமியுங்கள். முக்கியமான விடையைப் பழைய வேகத்தில் இன்னொரு தடவை எடுத்து ஒப்பிடுங்கள்.

கணிதப் பாடத்தில் விடைக்கு மட்டுமன்றிச் செய்கைக்கும் நாங்கள் புள்ளி போடுவது இதனால்தான்.