தாத்தா காலத்து வெப்லி பிஸ்டல் விலைக்கு வருகிறது: வாங்கலாமா, வேண்டாமா?

வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வருகிறது. கறுப்புப் பிடி, நேர்க்கோடு போட்டது போன்ற உடல், பக்கவாட்டில் ‘வெப்லி அண்ட் ஸ்காட்’ என்ற பொறிப்பு. கீழே ஒரு வரி: “ஒரிஜினல் இங்கிலாந்து, .32 போர், இப்போ தயாரிப்பே கிடையாது, லட்சக்கணக்கில் போகும் சார்.” கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, பழைய பொருட்கள் மீது ஆசையும் இருக்கிறது. பழைய வாட்ச், பழைய கேமரா வாங்குவது போல இதையும் வாங்கிவிடலாமா?

நேரடியாகச் சொன்னால், வாட்ச் மாதிரி இதை வாங்க முடியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படி என்ன இருக்கிறது இந்தப் பிஸ்டலில்?

வெப்லி அண்ட் ஸ்காட் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து நிறுவனம். அங்கே வில்லியம் வைட்டிங் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய .32 தானியங்கிப் பிஸ்டல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. 1911 ஜனவரியில் லண்டன் சிட்னி தெருவில் ஆயுதக் கும்பலுக்கும் போலீசுக்கும் பெரிய துப்பாக்கிச் சண்டை நடந்தது. அதன் பிறகு அதே ஆண்டில் லண்டன் பெருநகரக் காவல்துறை இந்தப் பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. மேகசினில் 8 தோட்டா. வெளியே தெரியும் சுத்தி. 1940 வாக்கில் தயாரிப்பு நின்றது. 1979-ல் அந்த நிறுவனம் துப்பாக்கித் தயாரிப்பையே விட்டுவிட்டது. ஏர் கன் மட்டும் தொடர்ந்தது.

வெள்ளைக்கார அதிகாரிகளும் ஜமீன்களும் காபித் தோட்ட முதலாளிகளும் வைத்திருந்த இந்த வகைப் பிஸ்டல்கள் இங்கேயே தங்கிவிட்டன. 1980-களின் நடுவில் தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதை மத்திய அரசு நிறுத்தியது. துப்பாக்கி சுடும் வீரர்களுக்கும், வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கும் மட்டும் சில விதிவிலக்குகள். ஆக, நாட்டுக்குள் இருக்கும் பழைய வெப்லி, கோல்ட், வால்தர் எல்லாம் கிட்டத்தட்ட ஒரு மூடிய குளத்து மீன்கள். எண்ணிக்கை கூடாது, குறையத்தான் செய்யும். லண்டனிலோ அமெரிக்காவிலோ சாதாரண விலைக்குப் போகும் பொருள் இங்கே பல மடங்கு விலை போவதற்கு இதுதான் காரணம். பொருளின் தரம் அந்த விலையில் ஒரு சிறு பங்குதான்.

‘போர்’ என்ற ஒரு சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்

இதே வெப்லி நிறுவனம் .25, .32, .38, .455 என்று பல அளவுகளில் கைத்துப்பாக்கி செய்தது. அலமாரியில் அடுத்தடுத்து வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் இந்தியச் சட்டத்தின் கண்ணில் இவை வேறு வேறு சாதி.

ஆயுதச் சட்டம், 1959 துப்பாக்கிகளைத் தடைசெய்யப்பட்ட போர், தடைசெய்யப்படாத போர் என்று பிரிக்கிறது. .32 இரண்டாவது வகை. இதற்கான லைசென்ஸ் மாவட்ட ஆட்சியரிடம், சென்னை போன்ற காவல் ஆணையரகப் பகுதிகளில் போலீஸ் கமிஷனரிடம் கிடைக்கும். 9 எம்எம், .38, .455 போன்றவை முதல் வகை. அவற்றுக்கு அனுமதி தருவது டெல்லியில் இருக்கும் மத்திய உள்துறை அமைச்சகம். உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் போன்ற மிகக் குறைந்த காரணங்களுக்கே அது பரிசீலிக்கப்படும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் சுமந்த .455 வெப்லி ரிவால்வர் எவ்வளவு அழகாக இருந்தாலும், சேகரிப்பு ஆசைக்காக அது உங்கள் கைக்கு வராது.

தண்டனையும் இந்தக் கோட்டைப் பொறுத்தே மாறுகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் சாதாரணப் போர் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தடைசெய்யப்பட்ட வகை என்றால் 7 முதல் 14 ஆண்டு. “சும்மா ஷோகேஸ்ல வெக்கத்தான் சார் வாங்கினேன்” என்பது கோர்ட்டில் எடுபடாது.

“இது ஆன்டிக் சார், லைசென்ஸே வேண்டாம்”

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். சட்டத்தின் 45-ஆவது பிரிவு பழைய, தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் அந்த வாக்கியத்தின் பின்பாதியை விற்பவர் படித்துக் காட்டமாட்டார். ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான், 110 வயதானாலும்.

2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விதிகளைத் திருத்தியது. ‘கியூரியோ’ வகையில் வரும் சிறு ஆயுதங்களை இந்தியர்கள் வாங்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் பயன்படுத்த, எடுத்துச் செல்ல லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸில் பதிவு இல்லாமல் அதற்குத் தோட்டாவும் விற்கக் கூடாது என்றது அந்த அறிவிப்பு. நீங்கள் பார்க்கும் பிஸ்டல் இந்த வகையில் வருமா என்பதை விற்பவரோ யூடியூப் வீடியோவோ சொல்ல முடியாது. லைசென்ஸ் வழங்கும் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். சுடக்கூடிய ஒரு .32 வெப்லிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

இன்னொன்று: 100 ஆண்டு தாண்டிய வரலாற்று மதிப்புள்ள பொருட்கள் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வரக்கூடும். அப்படி வந்தால் அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவோ விற்கவோ முடியாது. “பிற்பாடு துபாய்ல வித்துக்கலாம்” என்ற கணக்கை இப்போதே அழித்துவிடுங்கள்.

சரி, லைசென்ஸ் கிடைக்குமா?

வயது 21 ஆகியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். உங்களுக்கு ஒரு தனி அடையாள எண் தேசியத் தரவுத்தளத்தில் பதிவாகும். இதெல்லாம் வெறும் அலைச்சல்தான். கடினமான பகுதி வேறு: பிஸ்டல் உங்களுக்கு ஏன் வேண்டும் என்பதற்குத் ‘தகுந்த காரணம்’ இருப்பதாக அதிகாரி திருப்தி அடைய வேண்டும். நீளக்குழல் வேட்டைத் துப்பாக்கிக்குச் சட்டம் காட்டும் தாராளம் பிஸ்டலுக்குக் கிடையாது. “பழைய பொருள் பிடிக்கும்” என்ற காரணத்தை எழுதி ஓஎம்ஆர் ரோட்டு அபார்ட்மென்ட்வாசி ஒருவர் பிஸ்டல் லைசென்ஸ் வாங்குவது என் கணிப்பில் மிகவும் கஷ்டம். பொய்யாக உயிர் அச்சுறுத்தல் என்று எழுதுவது அதைவிட மோசம். தகவலை மறைத்தோ பொய் சொல்லியோ வாங்கிய லைசென்ஸை ரத்து செய்ய அதிகாரிக்கு உரிமை உண்டு.

அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ லைசென்ஸ் இருந்து, அந்த ஆயுதம் உங்களுக்கு வருகிறதென்றால் பாதை சற்று எளிது. அங்கேயும் ஒரு வரம்பு உண்டு. 2019 வரை ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம். இப்போது இரண்டுதான், வாரிசாக வருவதையும் சேர்த்து. மூன்று வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் ஒன்றை ஒப்படைக்க வேண்டி வந்தது. சேகரிப்பாளர்கள் பலருக்கு அது நெஞ்சில் இடி. சட்டத்தின் ஒரு வரி மாறினால் உங்கள் ‘சொத்து’ இரவோடு இரவாக ஒப்படைக்க வேண்டிய பொருளாகிவிடும் என்பதை விலை பேசும்போது நினைவில் வையுங்கள்.

லைசென்ஸ் இருக்கிறது. இப்போது பொருளைப் பார்ப்போம்

முதலில் சீரியல் நம்பர். பகத் சிங் வழக்கோடு தொடர்புடைய .32 கோல்ட் பிஸ்டல் நினைவிருக்கிறதா? இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில் பத்தோடு பதினொன்றாகக் கிடந்த அது, 2016-ல் பழைய ஆவணத்தில் இருந்த எண்ணோடு ஒத்துப்போனதால்தான் அடையாளம் காணப்பட்டது. ஒரு துப்பாக்கியின் வரலாறு அதன் எண்ணிலும் காகிதத்திலும்தான் இருக்கிறது. “இது சுதந்திரப் போராட்ட வீரர் வெச்சிருந்தது” என்ற கதைக்குக் காகிதம் இல்லையென்றால் ஒரு ரூபாய்கூட கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

எண் அழிக்கப்பட்டிருந்தால்? அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அடையாள எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி உங்களிடம் இருந்தால், நீங்கள்தான் அழித்தீர்கள் என்று சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. பீகாரின் முங்கேர் போன்ற இடங்களில் கள்ளத்தனமாகச் செய்யப்பட்டு வெளிநாட்டுப் பெயர் பொறிக்கப்பட்ட துப்பாக்கிகளைப் போலீசார் அடிக்கடி பிடிக்கிறார்கள். பொறிப்பை மட்டும் நம்பாதீர்கள். பர்மிங்ஹாம் சோதனை முத்திரை, எழுத்தின் கூர்மை, விற்பவரின் லைசென்ஸில் அதே எண் இருப்பது, மூன்றையும் ஒப்பிடுங்கள்.

பளபளவென்று இருக்கிறதா? சந்தேகப்படுங்கள். மறுபடி நீலப்பூச்சு போட்ட பிஸ்டலுக்குச் சேகரிப்பு மதிப்பு குறைவு. தேய்ந்திருந்தாலும் அசல் பூச்சுதான் உயர்ந்தது. குழலுக்குள் விளக்கடித்துத் துரு அரித்த குழிகள் இருக்கிறதா என்று பாருங்கள். வெப்லிக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. பின்னுதைப்பு ஸ்பிரிங் மற்ற பிஸ்டல்கள் போல குழலோடு இருக்காது; வி வடிவத்தில் வலதுபக்கப் பிடிக்கு அடியில் இருக்கும். அந்தப் பிடி பழைய கெட்டி ரப்பர்; நூறு வருஷத்தில் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரோடு ஆர்வமாக இறங்கியவர்கள் உடைத்த பிடிகள் ஏராளம். மாற்றுப் பிடியோ அசல் மேகசினோ இங்கே கடையில் கிடைக்காது. உடைந்த பிடியும் மாற்று மேகசினும் இருந்தால் விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள்.

தோட்டா விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. .32 பிஸ்டல் தோட்டாவும் .32 ரிவால்வர் தோட்டாவும் ஒன்றல்ல, நீளமே வேறு. வெப்லி தானியங்கிக்கு வேண்டியது பிஸ்டல் தோட்டா. இந்திய அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு கிடைக்கிறது. ஆனால் நூறு வருஷத்து எஃகை அடிக்கடி சுட்டுப் பார்ப்பது பொருளுக்கும் உங்கள் கைக்கும் நல்லதல்ல. தேர்ந்த ஆர்மரர் ஒருவர் பரிசோதிக்காமல் ஒரு ரவுண்டுகூட வேண்டாம்.

கைமாற்றுவது எப்படி?

லைசென்ஸ் உள்ள தனிநபரிடமிருந்து லைசென்ஸ் உள்ள தனிநபர் வாங்கலாம். ஆனால் விற்பவர் உங்கள் பெயர், முகவரியோடு மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாளாவது கழிந்திருக்க வேண்டும். “இன்னிக்கே பணம் போடுங்க, நாளைக்கு கூரியர்ல வரும்” என்று சொல்பவர் விற்பது பிஸ்டல் அல்ல, ஜெயில். லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடை மூலம் வாங்குவது கமிஷன் போனாலும் நிம்மதி.

முதலீடாக நினைக்கலாமா?

நான் பரிந்துரைக்கமாட்டேன். இன்றைய விலை இறக்குமதித் தடை என்ற ஒற்றைத் தூணில் நிற்கிறது. வாங்குபவர் வட்டமும் சின்னது: லைசென்ஸ் இருக்க வேண்டும், அதில் பிஸ்டலுக்கு இடம் காலியாக இருக்க வேண்டும், பணமும் இருக்க வேண்டும். அவசரத்துக்கு விற்க முடியாத பொருள். இதற்கிடையே 2020-ல் வெப்லி பெயரிலேயே உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோயில் புதிய .32 ரிவால்வர் தயாரிப்பு தொடங்கியது. அது பழைய பிஸ்டலுக்கு மாற்றல்ல, சேகரிப்பாளர்கள் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். ஆனால் ‘வெப்லி’ என்ற பெயருக்காக மட்டும் லட்சங்கள் கொடுத்தவர்களின் எண்ணிக்கை குறையலாம்.

வைத்திருக்கும் செலவும் உண்டு. 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்லலாம். வேலை மாறிப் பெங்களூருவோ புனேயோ போனால் புதிய ஊர் அதிகாரியிடம் பதிவை மாற்ற வேண்டும்; வாடகை வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டி வேண்டும். வெளிநாட்டு வாய்ப்பு வந்தால் யாரிடம் விடுவீர்கள்? லைசென்ஸ் இல்லாத தம்பியிடம் ‘பாத்துக்கோடா’ என்று கொடுத்தால் அவரும் குற்றவாளி, நீங்களும்தான். ஆயுதக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வீட்டுக்குள் இருக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீடா? மன உளைச்சலில், கடும் கோபத்தில் அல்லது குடிப் பழக்கத்தில் இருப்பவர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால், எவ்வளவு அரிய பிஸ்டலாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு அது வேண்டாம்.

பார்க்க மட்டும் ஆசை என்றால் செலவே இல்லாத வழிகள் உண்டு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் ஹைதராபாத் சாலார் ஜங்கிலும் ஆயுதக் கூடங்கள் இருக்கின்றன. சந்திரசேகர ஆசாத்தின் கோல்ட் பிஸ்டலை அலகாபாத் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சுட்டுப் பழக ஆசை என்றால் ஊரிலுள்ள ரைபிள் கிளப்பில் சேருங்கள். .177 அளவில், 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை.

இத்தனைக்குப் பிறகும் அந்த வெப்லி வேண்டும், லைசென்ஸில் இடமும் இருக்கிறது என்றால், விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இரண்டு: அவருடைய லைசென்ஸ் நகல், பிஸ்டலின் சீரியல் நம்பர் தெளிவாகத் தெரியும் படம். இரண்டையும் அனுப்பத் தயங்கினால் அந்த நம்பரை பிளாக் செய்துவிடுங்கள்.