கிட் விமானம் கட்டுதல்: முதற்படிகள்

கிட் விமானம் என்பது, ஒரு நிறுவனம் வடிவமைத்து உதிரிப் பாகங்களாக விற்பதை வாங்கி, தனிநபர் ஒருவர் தம் கையாலேயே கட்டி முடிக்கும் சிறு விமானம். பெரும்பாலானவை இருவர் அமரக்கூடியவை. ஒற்றை இருக்கை, நான்கு இருக்கை வகைகளும் உண்டு. இந்தக் கலை ஆழமாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. வீட்டுக் கார் கொட்டகையில் தொடங்கும் வேலை, சில ஆண்டுகள் கழித்து அருகிலுள்ள சிறு விமானத்தளத்தில் நிறைவடைகிறது. பறப்பதற்கு விமானி உரிமம் வேண்டும். கட்டுவதற்கு எந்த உரிமமும் தேவையில்லை.

வரலாறு

பிரேசில் நாட்டவரான சாந்தோஸ் துமோன், தமது 'தெமுவாசெல்' விமானத்தின் வரைபடங்களை யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார். 1910இல் அமெரிக்க இதழொன்று அவற்றை வெளியிட்டது. 1920களின் பிற்பகுதியில் சிகாகோவின் எட் ஹீத், 'பாரசோல்' என்ற ஒற்றை இருக்கை விமானத்தைத் தொகுப்பாகவே விற்றார். 1953இல் பால் போபெரெஸ்னி விஸ்கான்சின் மாநிலத்தில் பரிசோதனை விமானச் சங்கத்தை (ஈஏஏ) நிறுவியபின் தனித்தனியே உழைத்தவர்கள் ஒன்றுகூடினர். 1970 முதல் அச்சங்கத்தின் ஆண்டுத் திருவிழா ஆஷ்கோஷ் நகரில் நடந்துவருகிறது. ஓரிகன் மாநிலத்தின் ரிச்சர்ட் வான்குருன்ஸ்வன் 1971இல் பறக்கவிட்ட ஆர்வி-3, இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கில் பறக்கும் ஆர்வி வரிசைக்குத் தாயாக அமைந்தது.

சட்ட அடிப்படை

அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் (எஃப்ஏஏ) இவற்றைப் 'பரிசோதனை' வகையில் சேர்க்கிறது. விமானத்தின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் இப்பணியில் இறங்கியவர்கள் செய்திருக்க வேண்டும் என்பதே விதி. வழக்கில் இதை '51 விழுக்காட்டு விதி' என்பார்கள். எஞ்சின், புரொப்பல்லர், சக்கரம், பிரேக், கருவிமானிகள் ஆகியவற்றை வாங்கிப் பொருத்தலாம். கூலி கொடுத்துச் செய்வித்த வேலை கட்டுபவரின் கணக்கில் சேராது. நண்பர்கள் ஆர்வத்தால் கைகொடுத்தால் சேரும். ஆகவே முதல் நாளிலிருந்தே தேதியிட்ட குறிப்பேடும், தம் கை வேலையைக் காட்டும் படங்களும் வைத்திருப்பது அவசியம். முடிந்த விமானத்தை வாடகைக்கோ கட்டணப் பயணத்துக்கோ பயன்படுத்த முடியாது.

விமானத்தைத் தேர்தல்

தேர்வு முதலில் கட்டுமானப் பொருளைப் பொறுத்தது. ஆர்வி-7, ஆர்வி-14 போன்றவை அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைப்பவை. ஆர்வி-12, ஜெனித் சிஎச் 750 ஆகியவற்றில் பெரும்பாலும் ஒருபக்கமிருந்தே இழுத்து இறுக்கும் பாப் ரிவெட்தான். தனியாளுக்கு இது எளிது. கிட்ஃபாக்ஸில் எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்துகிறார்கள். பர்ட் ருட்டான் வடிவமைத்த வாரிஈஸ் 1970களில் நுரைப்பலகையும் கண்ணாடியிழையும் கொண்டு கட்டும் வழியைப் பரப்பியது.

வேகத்தைப் பார்த்து மயங்குவதைவிட, எங்கே, யாரோடு, எவ்வளவு தூரம் பறக்கப்போகிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அந்த வகை விமானத்தில் ஒருமுறையேனும் அமர்ந்து பறந்து பார்த்தபின் பணம் கட்டுவதே அறிவுடைமை. ஆர்வி-7 போன்ற விமானத்துக்கு 1,500 முதல் 2,000 மணி நேர உழைப்பு பிடிக்கும். பாதி கட்டிய நிலையில் வரும் விரைவுத் தொகுப்பு நேரத்தைக் குறைக்கும், விலையைக் கூட்டும்.

இடமும் கருவிகளும்

இரண்டு கார் நிற்கும் கொட்டகை போதும். கோணலில்லாத மேசை, நல்ல வெளிச்சம், காற்று கம்ப்ரசர் ஆகியவை அடிப்படை. காற்றில் இயங்கும் துளைக்கருவி, ரிவெட் துப்பாக்கி, ரிவெட்டின் மறுமுனையைத் தாங்கும் பக்கிங் பார், கை அழுத்தி, தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் நூற்றுக்கணக்கான கிளிக்கோ ஊசிகள் ஆகியவற்றை முதலிலேயே வாங்கிவிடுவார்கள். வீட்டோடு ஒட்டிய இடமாக இருந்தால் இரவு உணவுக்குப்பின் அரைமணி நேரமாவது வேலை நடக்கும். தினமும் சிறிது செய்பவரே முடிக்கிறார்.

முதல் தொகுப்பு: வால்

விற்பவர்கள் விமானத்தை வால், இறக்கை, உடற்பகுதி, நிறைவுப் பாகங்கள் எனப் பிரித்துத் தருகிறார்கள். வாலில் தொடங்குவதே மரபு. அது சிறியது, விலை குறைந்தது. அதே சமயம் விலாச் சட்டம், முதுகெலும்பு போன்ற ஸ்பார், மேல்தகடு, சுக்கான் என்று பின்னால் வரும் எல்லா வேலையின் முன்மாதிரியும் அதில் இருக்கிறது. இந்த வேலை தமக்குப் பிடிக்கிறதா என்று பெருந்தொகை போடும் முன்பே தெரிந்துவிடும். வாலுக்கும் முன்பு பழகுவதற்கென்றே சிறு பயிற்சித் தொகுப்புகள் கிடைக்கின்றன. ஈஏஏ வார இறுதிப் பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறது.

ரிவெட்டின் கணக்கு

துளையிட்ட ஓரத்தில் பிசிறு இருந்தால் அங்கிருந்தே விரிசல் தொடங்கும். எனவே ஒவ்வொரு துளையிலும் பிசிறு நீக்க வேண்டும். மெல்லிய தகட்டில் துளையைக் குழியாக அழுத்தினால் ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாகப் பதியும். நல்ல ரிவெட்டுக்கு அளவு உண்டு: அடித்தபின் உருவாகும் தலையின் அகலம் தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கும், உயரம் பாதியும் இருக்க வேண்டும். 1/8 அங்குல ரிவெட்டுக்கு இது 3/16 அங்குல அகலம், 1/16 அங்குல உயரம். சாய்ந்து போனதைத் துளைத்தெடுத்து மறுபடி அடிக்க வேண்டும். ஆனால் தொடக்கக்காரர் அவசரமாகத் துளைத்தெடுத்துத் துளையையே பெரிதாக்கிவிடுவதும் உண்டு. ஆகவே ஐயம் வந்தால் கையை நிறுத்தி, ஈஏஏவின் தொழில்நுட்ப ஆலோசகர்களை அழைப்பதே வழி. அனுபவமிக்க இந்தத் தொண்டர்கள் கொட்டகைக்கே வந்து பார்க்கிறார்கள்.

ஆய்வும் முதல் பறப்பும்

எஞ்சின், மின்கம்பி வேலை முடிந்ததும் விமானத்தை மூன்று சக்கரங்களிலும் எடை போட்டு, எடைமையம் கணிக்கப்படும். எஃப்ஏஏ ஆய்வாளரோ அதன் அதிகாரம் பெற்றவரோ பார்வையிட்டுச் சான்று வழங்குவார். சான்றளிக்கப்பட்ட எஞ்சின்–புரொப்பல்லர் இணை என்றால் வழக்கமாக 25 மணி நேரமும், மற்றவற்றுக்கு 40 மணி நேரமும் குறிப்பிட்ட பகுதிக்குள் சோதனையாகப் பறக்க வேண்டும். அதுவரை பயணிகளை ஏற்றக் கூடாது.

இந்தக் கட்டம் மிகுந்த கவனத்துக்குரியது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் 2012ஆம் ஆண்டு ஆய்வு, இவ்வகை விமானங்களின் விபத்துகளில் கணிசமானவை பறக்கத் தொடங்கிய ஆரம்ப நாட்களில் நேர்வதைக் காட்டியது. எரிபொருள் ஓட்டத்தைத் தரையிலேயே சோதிப்பதும், அதே வகை விமானத்தில் ஆசிரியரோடு முன்கூட்டியே பழகுவதும் உயிர் காப்பவை. கட்டிய களைப்போடும் ஆவலோடும் முதல் பறப்புக்கு ஏறக் கூடாது.

பணி முடிந்தபின், முதன்மையாகக் கட்டியவர் விண்ணப்பித்தால் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் செல்லும் பழுதுநர் சான்று கிடைக்கும். அதைக் கொண்டு ஆண்டுதோறும் செய்ய வேண்டிய ஆய்வைத் தாமே செய்து கையொப்பமிடலாம். கல்விக்காகக் கட்டு என்று தொடங்கிய சட்டம், கற்றதற்குத் தரும் பட்டம் அதுவே.