சாய்த்தால் செத்துப்போகும் எஞ்சின்

மரம் அறுக்கிற செயின் சா வச்சிருக்கவங்க கிட்ட பேசிப் பாருங்க. எல்லாரும் ஒரே புலம்பலைத்தான் புலம்புவாங்க. கயிறை இழுத்தா ஸ்டார்ட் ஆகுது, பத்து செகண்ட் உறுமுது, அப்புறம் பொசுக்குன்னு அணைஞ்சுடுது. ஏன்னு நோண்ட ஆரம்பிச்சா, கதை 1920-கள் ஜெர்மனியில போய் நிக்குது.

1926-ல ஆண்ட்ரியாஸ் ஸ்டில் மின்சாரத்துல ஓடுற ரம்பம் ஒண்ணு செஞ்சார். எடை 64 கிலோ! காட்டுக்குள்ள கரண்டுக்கு எங்க போறது? அடுத்த வருஷமே எமில் லெர்ப், துரிங்கியாவுல டோல்மார் மலையில பெட்ரோல் ரம்பத்தை ஓட்டிக் காட்டினார். ஸ்டில்லோட பெட்ரோல் ரம்பம் 1929-ல வந்தது. 46 கிலோ, அதாவது கிட்டத்தட்ட ரெண்டு சிப்பம் அரிசி. அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர் பிடிச்சுக்கணும்.

எடையை விடுங்க, ரெண்டு பேர் சேர்ந்தா தூக்கிடலாம். உண்மையான தலைவலி கார்பரேட்டர்.

பழைய பைக்ல இருக்கற மாதிரி மிதவை கார்பரேட்டர் தான் அப்போ. ஒரு சின்ன கிண்ணம், அதுக்குள்ள மிதவை. பெட்ரோல் ஏறினா மிதவை மேல வந்து ஊசி வால்வை மூடிடும். மொட்டை மாடி தண்ணி டேங்க்ல பால் வால்வு இருக்கே, அதே டெக்னிக். ஆனா கிண்ணம் நிமிர்ந்தே இருக்கணும். நிக்கிற மரத்தை அறுக்க ரம்பத்தைப் படுக்க வைக்கணும், விழுந்த மரத்தைத் துண்டு போட நிமிர்த்தணும். சாய்ச்சா ஒண்ணு பெட்ரோல் வழிஞ்சு எஞ்சின் மூச்சு முட்டும், இல்லேன்னா பெட்ரோல் கிடைக்காம செத்துடும். பாதி அறுத்த மரம் தலைக்கு மேல நிக்குது, பிளேடு நடுவுல மாட்டியிருக்கு, எஞ்சின் ஆஃப். யோசிச்சுப் பாருங்க. அதனால சில மாடல்கள்ல கார்பரேட்டரை மட்டும் தனியா திருப்பி வைக்க ஏற்பாடு செஞ்சாங்க. தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேலை!

இதே வியாதி ஆகாயத்துலயும் இருந்தது. 1940-ல ஸ்பிட்ஃபயர் விமானம் மூக்கை சடார்னு கீழ குத்தினா, மெர்லின் எஞ்சின் ஒரு நொடி இருமி நின்னுடும். துரத்தப்படுற மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல பெட்ரோல் நேரடியா உள்ள பீச்சப்படும், அது பாட்டுக்கு தப்பிச்சுடும். பியாட்ரிஸ் ஷில்லிங்னு ஒரு பொறியாளர், ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோகத் துண்டை பெட்ரோல் வர்ற வழியில வச்சு, 1941-ல இதை ஓரளவு சமாளிச்சாங்க. இஞ்சினியரிங் படிச்ச நாலு வருஷத்துல ஒருத்தர் கூட எனக்கு இந்தப் பெயரைச் சொல்லலை.

ரம்பத்துக்குக் கிடைச்ச மருந்து, மிதவையே இல்லாத டயாபிரம் கார்பரேட்டர். ரெண்டு மெல்லிய சவ்வு. பிஸ்டன் மேலயும் கீழயும் போறப்போ கிராங்க் கேஸ்ல அழுத்தம் ஏறி இறங்கும்ல, அந்தத் துடிப்பு ஒரு சவ்வை ஆட்டும். அதுவே பெட்ரோல் பம்ப். இன்னொரு சவ்வு எஞ்சின் உறிஞ்சுற அளவுக்கு உள்வாங்கி, ஒரு குட்டி நெம்புகோலை அழுத்தி ஊசியைத் திறக்கும். புவியீர்ப்பை நம்பவே வேண்டாம், தலைகீழா பிடிச்சாலும் ஓடும்.

அதோட எடையும் குறைஞ்சது. 1949-ல அமெரிக்காவுல மெக்கல்லக் 3-25 வந்தது, 25 பவுண்டு, ஒரே ஆள் போதும். (கொசுறு: இந்த ராபர்ட் மெக்கல்லக் தான் 1968-ல லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி, கல்லு கல்லா பேத்து அரிசோனா பாலைவனத்துல கொண்டு போய் நிறுத்தினவர். காசு இருந்தா என்ன வேணா பண்ணலாம் போல!) 1959-ல ஸ்டில்லோட கான்ட்ரா: 12 கிலோ, 6 குதிரை சக்தி, டயாபிரம் கார்பரேட்டர்.

சரி, நம்ம ரம்பம் ஏன் அணையுது? பல நேரம் வில்லன் அதே சவ்வு தான். வருஷக் கணக்கா சும்மா கிடந்தா விறைச்சுப் போகும், நெம்புகோலை அழுத்தாது, பெட்ரோல் வராது. கஜா புயல் அப்போ (2018) தென்னை அறுக்க மாமா வாங்கின ரம்பம் கொட்டகையில தூங்கிட்டு இருந்தது. போன வருஷம் எடுத்தா சோக் போட்டா மட்டும் ஓடும், சோக்கை எடுத்தா நின்னுடும். பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். மெக்கானிக் பிரிச்சுக் காட்டின சவ்வு அப்பளம் மாதிரி இருந்துச்சு :-)

ஆனா எடுத்தவுடனே கார்பரேட்டரைப் பிரிச்சுடாதீங்க. கொஞ்ச நேரம் ஓடி நின்னா டேங்க் மூடியை லேசா தளர்த்திட்டு மறுபடி ஓட்டிப் பாருங்க. ஓடினா, காத்து உள்ள போற ஓட்டை அடைச்சிருக்கு, அவ்ளோதான். அடுத்து டேங்குக்குள்ள இருக்கிற ஃபில்டர், சைலன்சர் வாயில கரி பிடிச்ச வலை. துடிப்பைக் கொண்டு வர்ற குழாயில விரிசல் விட்டிருந்தாலும் பம்ப் வேலை செய்யாது. சூடான பிறகு மட்டும் நின்னு, ஆறினதும் ஓடினா இக்னிஷன் காயிலைச் சந்தேகப்படுங்க. இப்போ பங்க்ல கிடைக்கிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அதை டேங்க்ல மாசக் கணக்கா விட்டு வைக்காதீங்க.

சங்கிலியோட பல்லுக்கு தனிக் கதை இருக்கு. மரத்தைக் குடையற ஒரு புழுவைப் பார்த்து ஜோசப் காக்ஸ் 1940-கள்ல கண்டுபிடிச்சது. அது அடுத்த பதிவுல.