பூட்டின பீரோவும் ஜூலை 26 மழையும்

2005 ஜூலை 26. மும்பையில் இருந்தவர்களுக்கு தேதியைச் சொன்னாலே போதும். சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. நான் அப்போது வங்கியில் சேர்ந்த புதுசு. தண்ணீர் வடிந்ததும் எங்கள் கிளைக்குப் பத்திரம் பார்த்துக் கொடுக்கும் வக்கீல் ஒருவரின் ஆபீசுக்குப் போனேன். கிரவுண்ட் ஃப்ளோர். இரும்பு பீரோ பூட்டினது பூட்டினபடி இருந்தது. திறந்தால் கீழ்த்தட்டு முழுக்கச் சேறு. வீட்டுக் கடன் கேட்டிருந்த ஒரு தமிழ்ப் பெரியவரின் ஒரிஜினல் ஃப்ளாட் அக்ரிமென்ட் அதற்குள்ளேதான் இருந்தது.

"சார், உங்க கையிலதானே கொடுத்தேன்?" என்றார் அவர். பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஒரிஜினலுக்கு ஏன் இத்தனை மதிப்பு? 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டத்திலேயே, பத்திரத்தைக் கொடுத்து வைத்தாலே அடமானம் செல்லும் என்று வழி வைத்தார்கள். முதலில் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் மாதிரி சில நகரங்களில் மட்டும். இன்றும் வீட்டுக் கடனுக்கு பெரும்பாலும் அதே முறைதான். காகிதம் போனால் கடனும் ஆட்டம் காணும்.

வக்கீல் ஆபீஸ் ரகசியத்துக்கு அதற்கும் பத்து வருடம் முன்னாடியே பூட்டு உண்டு. 1872 சாட்சியச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி, கட்சிக்காரரின் பத்திரத்தில் இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வக்கீல் வெளியே சொல்லக்கூடாது. 127-வது பிரிவு குமாஸ்தாவையும் கட்டிப்போட்டது. 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதுச் சட்டத்தில் 132-வது பிரிவாக அது தொடர்கிறது. ஆனால் வெள்ளம் சட்டப் பிரிவு பார்த்து வருவதில்லையே :-)

எங்களைக் காப்பாற்றியது 1908 பதிவுச் சட்டம். பதிவான பத்திரத்தின் பிரதி சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் இருக்கும், சர்டிஃபைட் காப்பி கேட்டு வாங்கலாம். அது வேறு கட்டடம், தண்ணீர் ஏறவில்லை. காப்பி, போலீஸ் புகார், பேப்பர் விளம்பரம், அஃபிடவிட் என்று அலைந்து, பெரியவருக்குக் கடன் கிடைக்க நாலு மாசம் ஆனது. அந்த நாலு மாசமும் அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

இப்போது எல்லாம் ஸ்கேன். 2000-ம் வருட தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்தை சாட்சியமாக ஏற்க வழி செய்தது, கூடவே ஒரு சான்றிதழும் வேண்டும் என்றது. புதுச் சட்டத்தின் சான்றிதழில் ஹேஷ் மதிப்பும் எழுத வேண்டும். ஃபைலின் கைரேகை மாதிரி அது. ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்த ஃபைலும் ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால், அதுவும் பூட்டின பீரோதான்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவே. பூட்டு திருடனுக்கு. மற்ற ஆபத்துக்கு, வேறு இடத்தில் ஒரு நகலும், யார் கையில் எப்போது கொடுத்தோம் என்ற கையெழுத்தும்தான் காவல். கடன் முடிந்தால் 30 நாளில் ஒரிஜினலைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று 2023-ல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

இன்றைக்கு ராத்திரி ஊருக்குப் போன் பண்ணும்போது, வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.